‘பார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? சீ, லுக், வாட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸ்கள். மற்றவர்கள் கன்னியாகுமரி ஓட்டல்களில் வேலை செய்பவர்கள், கைடுகள், கல்லூரிப் பிள்ளைகள். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: ‘பார்’. தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் ‘பார்’ என்றுதானே அர்த்தம்? அப்புறம் என்ன வித்தியாசம்?

காட்சி தானாக வந்து கண்ணில் பட்டால் சீ. நீங்களே கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் லுக். திருப்பிய கண்ணை எடுக்காமல், அடுத்து என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தால் வாட்ச்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். கூட்டத்தில் பழைய சிநேகிதர் ஒருவர் கண்ணில் படுகிறார். தேடிப் போகவில்லை, தானாகப் பட்டார். அது சீ. பக்கத்தில் நிற்கும் தம்பியிடம் “அங்க பாரு” என்று கை நீட்டுகிறீர்கள். அது லுக். அவர் எந்த பஸ்ஸில் ஏறுகிறார் என்று கண்ணை விடாமல் நிற்கிறீர்கள். அது வாட்ச்.

லுக் என்ற சொல்லுக்குப் பின்னால் பார்க்கப்படும் பொருள் வந்தால் நடுவில் ‘அட்’ கட்டாயம் வேண்டும். லுக் அட் தி சீ (இங்கே சீ என்றால் கடல்), லுக் அட் மீ. இந்த ‘அட்’டை விட்டுவிடுவது நம் ஊரில் மிகச் சாதாரணமான பிழை. சீ, வாட்ச் இரண்டுக்கும் அது தேவையில்லை.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்தேன் என்பதற்கு எதைச் சொல்வது?

சீ, வாட்ச் இரண்டும் சரி. ஆனால் சொல்லும் செய்தி வேறு. உதயம் என்பது ஒரு நொடியில் முடிவதில்லை. கிழக்கு வெளுக்கிறது, விளிம்பு தெரிகிறது, முழு வட்டம் மேலே வருகிறது. அந்த நகர்வு முழுவதையும் நின்று பார்த்ததைச் சொல்ல வேண்டுமானால் வாட்ச். உதயம் பார்க்கக் கிடைத்ததா இல்லையா என்பதுதான் பேச்சு என்றால் சீ. விடிகாலையில் மேகம் மூடிக்கொண்டு ஏமாந்து திரும்புகிறவர்களை அடிக்கடி காணலாம். அவர்களுக்காக வகுப்பில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்:

வி வாட்ச்டு தி ஸ்கை ஃபார் அன் ஹவர், பட் வி டிட்ன்ட் சீ தி சன்.

ஒரு மணி நேரம் வானத்தையே பார்த்தோம், சூரியனைப் பார்க்க முடியவில்லை. தமிழில் இரண்டு இடத்திலும் ‘பார்’ வருகிறது, நமக்குக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் முதல் பாதி முயற்சி, இரண்டாம் பாதி பலன். இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் அனுபவம்.

சித்திரைப் பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்குவதும் கிழக்கே நிலவு ஏறுவதும் ஒரே நேரத்தில் தெரியும் அல்லவா? அதைச் சொல்லும்போது “யூ கேன் சீ போத்” என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு திசையை வாட்ச் செய்ய யாராலும் முடியாது. இரண்டும் கண்ணுக்குக் கிடைக்கும் என்பதுதான் அங்கே செய்தி. ‘கேன்’ பக்கத்தில் பெரும்பாலும் சீதான் வந்து உட்காரும்.

டி.வி., சினிமா, கிரிக்கெட்?

டி.வி. பார்க்கிறேன் என்பதற்கு வாட்ச் மட்டும்; டி.வி.யில் ஒன்றைக் கண்டேன் என்பதற்கு சீயும் வரும். மேட்ச் நேரலை ஓடிக்கொண்டிருந்தால் வாட்ச். சினிமாவுக்கு இரண்டும் வரும். தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததற்கு சீ அதிகம், வீட்டில் உட்கார்ந்து பார்த்ததற்கு வாட்ச் அதிகம். போட்டோ நகராத பொருள், அதனால் அதற்கு லுக் அட்.

தமிழில் இந்த வேறுபாடே கிடையாதா? நம் மொழியில் குறையா?

குறை இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் நேரம் எடுத்தே பதில் சொல்வேன். தமிழிலும் காண் வேறு, நோக்கு வேறு. தானாகக் கண்ணில் படுவது காண்; குறிவைத்துக் கண்ணைச் செலுத்துவது நோக்கு. கிட்டத்தட்ட சீயும் லுக்கும்தான். குறளில் ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். நான் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்று காதலன் சொல்லும் குறளில் (1094) வருவதெல்லாம் நோக்கு என்ற சொல்தான். வேண்டுமென்றே செலுத்துகிற பார்வை என்பதால் அங்கே காண் என்ற சொல் நிற்காது. கடலுக்குள் 133 அடி உயரத்தில் சிலையாக நிற்பவர் இந்த வேறுபாட்டை அத்தனை நுட்பமாகக் கையாண்டிருக்கிறார்.

பிற்காலப் பேச்சுத் தமிழில் ‘பார்’ இரண்டையும் விழுங்கிவிட்டது. ஆனால் நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டம், குழித்துறை பக்கம், வீட்டுப் பேச்சில் நோக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. மலையாளம் பக்கத்திலேயே இருப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் “லுக் என்றால் நோக்கு, சீ என்றால் காணு” என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பட்டிக்காட்டுப் பேச்சு என்று அவர்களே ஒளித்து வைக்கிற சொல் ஆங்கிலம் படிக்க உதவுகிறது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

‘பார்’ வரும் இடமெல்லாம் சீ போட்டால் என்ன ஆகும்?

பல இடத்தில் வாக்கியம் உடையும், சில இடத்தில் மானமும் போகும். ‘பார்’ என்ற சொல் கண்ணோடு நிற்பதில்லை. வேலை பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், சாப்பிட்டுப் பார்க்கிறோம். இங்கெல்லாம் கண்ணுக்கு வேலையே இல்லை. ஆங்கிலமும் கண் சொற்களை இங்கே கொண்டுவராது. “அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறான்” என்பது ‘ஒர்க்ஸ் இன் துபாய்’. வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்றால்தான் ‘லுக்கிங் ஃபார் எ ஜாப்’. “சாப்பிட்டுப் பாருங்க” என்று விருந்தாளிக்குப் பலாச்சுளையை நீட்டினால் ‘ட்ரை இட்’. செய்து பார், எழுதிப் பார், கேட்டுப் பார் எல்லாமே ட்ரைதான்.

பெண் பார்ப்பதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். “அண்ணனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்பதை “வி ஆர் சீயிங் எ கேர்ள்” என்று சொன்ன மாணவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரை ‘சீயிங்’ என்றால் அவரோடு காதலில் பழகிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். குடும்பமே அப்படிச் சொன்னால் கேட்பவர் திகைத்துப் போவார். ‘லுக்கிங் ஃபார் எ பிரைடு’ என்பதே சரி. பெண் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு ‘வி மெட் தி கேர்ள் அண்ட் ஹெர் ஃபேமிலி’ போதும்.

அப்புறம் நம் “பார்த்து!” மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும்போது பின்னால் வரும் பாட்டியிடம் “பார்த்து வாங்க” என்போம். தரையிலிருந்து 115 அடி உயரம், சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் ‘சீ அண்ட் கம்’ என்றால் ஒன்றும் புரியாது. ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’. ஆபத்து சட்டென்று வந்தால் ‘வாட்ச் அவுட்’ அல்லது ‘லுக் அவுட்’. ‘சீ அவுட்’ என்று இந்தப் பொருளில் கிடையாது. அது விருந்தாளியை வாசல் வரை கொண்டுவிடுவது.

அப்படியென்றால் ‘ஐ ஆம் சீயிங்’ என்று சொல்லவே கூடாதா?

கண்ணால் காண்பதற்குச் சொல்லாமல் இருப்பது நல்லது. “எனக்கு இங்கிருந்து விவேகானந்தர் பாறை தெரிகிறது” என்றால் ‘ஐ கேன் சீ’. தெரிவது நீங்கள் செய்யும் செயல் இல்லை, ஒரு நிலை. அதனால் ‘இங்’ ஒட்டாது. லுக்கும் வாட்சும் நீங்கள் செய்பவை, அவற்றுக்கு ‘இங்’ தாராளமாக வரும். சந்திப்பு என்ற பொருளில் ‘ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ’ சரி.

நர்ஸிங் நோட்ஸ் எழுதும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். ஒரு சொல் மாறினால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார். அது நோயாளியைப் பாதிக்கும் விஷயம்.

முதலில் சீ. ‘தி டாக்டர் சா தி பேஷன்ட்’ என்றால் டாக்டர் பரிசோதித்தார் என்று அர்த்தம். நம் “டாக்டர் வந்து பார்த்தார்” என்பதற்கு இது அப்படியே பொருந்தும். இதே பழக்கத்தில் ஒரு மாணவி இன்டர்வியூவில் “ஐ சீ டென் பேஷன்ட்ஸ் எ டே” என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் “அப்படியானால் நீங்கள் டாக்டரா?” என்று கேட்டுவிட்டாராம். பிள்ளை அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் சொல்ல வந்தது ‘லுக் ஆஃப்டர்’. கவனித்துப் பராமரிப்பதற்கு அதுதான். லுக் ஃபார் தேடுவது, லுக் இன்டு விசாரிப்பது, லுக் அப் ஏட்டில் தேடி எடுப்பது. பின்னால் ஒட்டும் சிறு சொல் பொருளையே மாற்றிவிடும்.

அடுத்து நோட்டிஸ், அப்சர்வ், மானிட்டர் மூன்றும். போர்வையைச் சரிசெய்யும்போது காலில் வீக்கம் இருப்பது கண்ணில் பட்டது: நோட்டிஸ். எதிர்பாராமல் பட்டாலும் மனது அதைக் குறித்துக்கொண்டது என்பதுதான் சீயிலிருந்து இதற்கு உள்ள வித்தியாசம். அதன்பிறகு அந்தக் காலை வேண்டுமென்றே, நிதானமாகக் கவனித்தீர்கள்: அப்சர்வ். இரண்டு மணிக்கு ஒரு முறை வீக்கத்தை அளந்து சார்ட்டில் எழுதிவந்தீர்கள்: மானிட்டர். ஒரே ஒரு தடவை சரிபார்த்தால் செக் போதும். ‘வாட்ச் ஃபார் ப்ளீடிங்’ என்று ஆர்டர் இருந்தால், ரத்தம் கசிகிறதா என்று விழிப்பாக இரு என்று பொருள், இன்னும் கசியவில்லை.

கடைசியாக, ‘தி பேஷன்ட் லுக்டு பேல்’. இங்கே நோயாளி யாரையும் பார்க்கவில்லை, வெளிறித் தெரிந்தார். லுக்குக்குப் பின்னால் டயர்டு, பேல், ஹேப்பி மாதிரி நிலையைச் சொல்லும் சொல் வந்தால் ‘அட்’ வேண்டாம், பார்ப்பது என்ற பொருளும் போய்விடும்.

ஓவர்லுக், ஓவர்சீ, லுக் ஓவர்: மூன்றும் ஒன்றா?

மூன்றும் மூன்று திசை. ஓவர்சீ என்றால் மேற்பார்வை பார்ப்பது. லுக் ஓவர் என்றால் ஒரு தாளையோ கணக்கையோ ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துக் கொடுப்பது. ஓவர்லுக் என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது. “ஐ ஓவர்லுக்டு தி அக்கவுன்ட்ஸ்” என்று பெருமையாகச் சொன்னால், கணக்கைக் கோட்டை விட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

ஆனால் ஓட்டலில் வேலை செய்பவர்களுக்கு இதே ஓவர்லுக் நல்ல சொல். ‘எ ரூம் ஓவர்லுக்கிங் தி சீ’ என்றால் ஜன்னலைத் திறந்தால் கீழே கடல் விரிந்து தெரியும் அறை. மேலேயிருந்து பார்ப்பது என்பது அதன் நேர்ப்பொருள். பார்வை மேலாகப் போய்விட்டால் கீழே இருப்பது விட்டுப்போகும், தவறவிடுதல் என்ற பொருளை அப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். அறைக்கு வந்தால் பெருமை, மனிதருக்கு வந்தால் பிழை.

ஸ்டேர், கேய்ஸ், கிளேர், பியர் எல்லாம் ‘உற்றுப் பார்’ என்றே அகராதியில் இருக்கிறதே?

அகராதி அங்கேதான் நம்மைக் கைவிடுகிறது. நான்கும் நீண்ட பார்வைதான், ஆனால் உள்ளே இருக்கும் மனநிலை வேறு. அதைத் தமிழில் நாம் முன்னால் ஒரு சொல் சேர்த்துக் காட்டுவோம். வெறித்துப் பார்த்தால் ஸ்டேர். மெய்மறந்து பார்த்தால் கேய்ஸ். முறைத்துப் பார்த்தால் கிளேர். கண்ணைச் சுருக்கி, தெரியாததைத் தெரிந்துகொள்ளப் பார்த்தால் பியர். பாட்டி ஊசியில் நூல் கோக்கும்போது பார்க்கிறாரே, அது பியர். முட்டம் பாறையில் உட்கார்ந்து அஸ்தமனத்தில் மனதைப் பறிகொடுத்துப் பார்ப்பது கேய்ஸ். அதே பாறையில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுப் பெண்ணைக் கண் எடுக்காமல் பார்ப்பது ஸ்டேர், அது அநாகரிகம்.

இதை நான் அழுத்தியே சொல்கிறேன். நம் ஊரில் புது ஆளை உற்றுப் பார்ப்பது பெரிய தவறாகத் தோன்றாது; யார், எவர் என்று அறியும் ஆசைதான். ‘டோன்ட் ஸ்டேர்’ என்ற சொல்லில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்பது கைடு வேலைக்குப் போகும் பையன்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பீப், பீக் இரண்டும் எட்டிப் பார்ப்பது. பீக்கில் ஆவல், ஒரு நொடி. பந்திக்கு முன்னால் பாயசம் ஆகிவிட்டதா என்று குழந்தை அடுக்களைக்குள் தலையை நீட்டுவது போல. பீப் சில இடங்களில் ஒளிந்து பார்ப்பது என்ற கெட்ட வாசனையோடு வரும். சந்தேகம் இருந்தால் பீக் சொல்லுங்கள்.

கிளான்ஸ், கிளிம்ப்ஸ் இரண்டுமே சின்னப் பார்வைதானே?

ஆம், ஆனால் ஏன் சின்னதாக முடிந்தது என்பதைக் கேளுங்கள். கிளான்ஸ் நீங்களே சின்னதாக முடித்துக்கொண்டது: பேசிக்கொண்டே கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பது. கிளிம்ப்ஸ் உங்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். சுசீந்திரம் தேரோட்டத்தில் கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே ஒரு கணம் தேர் தெரிந்து மறைந்தால் அது கிளிம்ப்ஸ். அதனால்தான் ‘கிளான்ஸ் அட்’ என்று வினையாகவும், ‘காட் எ கிளிம்ப்ஸ் ஆஃப்’ என்று பிடித்துக்கொண்ட பொருளாகவும் சொல்கிறார்கள். லுக் என்ற சொல்லின் தம்பி கிளான்ஸ், சீ என்ற சொல்லின் தங்கை கிளிம்ப்ஸ் என்று வகுப்பில் சொல்வதுண்டு.

சைட் சீயிங் என்கிறோம், பேர்டு வாட்சிங் என்கிறோம். ஏன் மாற்றிச் சொல்வதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வகுப்பில் ஒரு கைடு கேட்டார். சைட் சீயிங் போகிறவர் பத்மநாபபுரம் அரண்மனை, வட்டக்கோட்டை, திருவள்ளுவர் சிலை, சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையில் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் கண்டுவிட்டு நகர்கிறார். இடங்கள் அசையாமல் நிற்கின்றன, ஆள் நகர்கிறார். சுசீந்திரம், தேரூர் குளக்கரையில் பறவை பார்க்க வருகிறவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், பறவை நகர்கிறது. எப்போது இறங்கும், எப்போது பறக்கும் என்று தெரியாது, காத்திருக்க வேண்டும். காத்திருப்பு உள்ள பார்வை வாட்ச். 2022-இல் அந்தக் குளங்கள் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபிறகு இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் வேலையும் கூடியிருக்கிறது. கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பறவையைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு ஸ்பாட்.

வாட்ச் என்ற சொல்லும் விழித்திருப்பதைக் குறிக்கும் ‘வேக்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரில் பிறந்தவை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பவரை வாட்ச்மேன் என்று நாம் அழைப்பது அந்த வேருக்கு அப்படியே பொருந்துகிறது.

விட்னஸ் என்று எங்கே சொல்வது?

நேரில் இருந்தவருக்கு மட்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கரையில் நின்று கடல் ஊருக்குள் ஏறியதைக் கண்டவர்கள் விட்னஸ் செய்தவர்கள். அதை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் உரியது இல்லை. அவர்கள் ‘சா இட் ஆன் டி.வி.’ என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் யாராவது கேட்டால் நான் கண்டேன் என்று சொல்லும் பொறுப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஓர் அழகான காட்சிக்கெல்லாம் விட்னஸ் போடுவது எனக்குப் பிடிக்காது. நம் ‘கண்ணால் கண்ட சாட்சி’க்கு இணையான கனம் அதற்கு உண்டு.

பிஹோல்டு, வியூ?

பிஹோல்டு இன்று பேச்சில் இல்லை. தேவாலயம் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தமிழ் வேதாகமத்தில் ‘இதோ’ என்று வரும் பல இடங்களில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் பிஹோல்டு இருக்கும். வியூ கொஞ்சம் அலுவலகச் சொல்; வீடு வாங்குமுன் போய்ப் பார்ப்பது, ஆவணத்தைத் திறந்து பார்ப்பது. பேச்சில் அதைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை.

இணைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

வேண்டாம் என்பேன். பட்டியலில் இருபது சொல் இருக்கும், எங்கே போடுவது என்பது இருக்காது. ஒரு வாரத்துக்கு ஒன்று செய்யுங்கள். நீங்கள் தமிழில் ‘பார்’ சொல்லும் ஒவ்வொரு தடவையும் நின்று, இதில் கண்ணுக்கு வேலை இருக்கிறதா, இருந்தால் தானாகப் பட்டதா, நானாகப் பார்த்தேனா, பார்த்த பொருள் நகர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலோடு ஆங்கிலச் சொல் தானாக வந்து சேரும்.

“பார்க்கலாம்” என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

இங்கே மட்டும் கஷ்டமே இல்லை. முடிவு தெரியாதபோது நாம் “பார்க்கலாம்” என்கிறோம், அவர்கள் ‘வி வில் சீ’ என்கிறார்கள். விடைபெறும்போது “அப்ப பார்க்கலாம்” என்கிறோம், அவர்கள் ‘சீ யூ’ என்கிறார்கள். இந்த இரண்டிலும் ‘பார்’ என்ற இடத்தில் தயங்காமல் சீ போடுங்கள்.